வளையல் கையில் ஐந்து புள்ளிகள்

ஏப்ரல் 21, திங்கள்

இந்த டைரி கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. அட்டையில் மகாலட்சுமி, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கடை விளம்பரம். நாலு மாதமாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்ததை இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் தோல் பிரிவு டாக்டர் ஃபர்ஹானா. "கையைத் தினம் நூறு தடவை பாக்காதீங்க. அப்பப்பப் பாத்து, பாத்ததை ஒரு நோட்டுல எழுதுங்க. அடுத்த தடவை வரும்போது நான் படிப்பேன்" என்றார். டாக்டர் படிப்பார் என்பதால் எழுத்தை அழகாக எழுதப் பார்க்கிறேன்.

பெயர் சாந்தாமணி. வயது நாற்பத்து மூன்று. கோவையில் ஒரு நகைக்கடையில் வளையல் கவுண்டரில் பதினாறு வருடம் நின்றேன். இப்போது மூன்றாம் மாடியில் நகைக்கு டேக் கட்டுகிறேன். இடது புறங்கையிலும் மணிக்கட்டிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. ஊர் வாயில் அதற்கு ஒரு பேர் உண்டு, அதை நான் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் வெண்புள்ளி என்று மரியாதையாகப் போட்டிருக்கிறார்கள். தொத்தாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஒன்றரை வருடமாகப் பெரிதாகவும் இல்லை. அப்படி நகராமல் நின்றால்தான் இந்த வைத்தியம் செய்வார்களாம்.

டாக்டருக்குத் தெரிந்திருக்காது என்பதால் இதையும் எழுதுகிறேன். வளையல் விற்பவள் தன் கையில் போட்டுத்தான் காட்ட வேண்டும். என் கை ரெண்டு நாலு. அது ஒல்லி அளவு. ரெண்டு ஆறு நடுவாந்திரம், ரெண்டு எட்டு தாட்டியமான கை. ஆள் படியேறும்போதே அளவைச் சொல்லிவிடுவேன். வலது கையால் எடுத்து, இடது கையின் கட்டைவிரலை உள்ளே மடக்கி, ஒரே தள்ளு. நாலு வளையலும் சத்தத்தோடு போய் உட்காரும். வாங்க வந்தவர்கள் அப்போது வளையலைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள்.

போன வருடம் மேனேஜர் சம்பத் சார் கூப்பிட்டு, "கஸ்டமருங்க ஒரு மாதிரி பாக்கறாங்கம்மா. கொஞ்ச நாளைக்கு மேல இரு" என்றார். அந்தக் கொஞ்ச நாள் பதினாலு மாதமாகிவிட்டது. எனக்கு ஒன்றும் குறையில்லை. மேலே காற்று வருகிறது, உட்கார்ந்து செய்கிற வேலை. கீழே சத்தம்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆபரேஷன் என்றதும் ரெண்டு செட் துணி, பிளாஸ்க், போர்வை எல்லாம் எடுத்துப் போனேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நர்ஸ் போர்வையைப் பார்த்துச் சிரித்தது.

மேல்தொடையில் ஒரு மரத்துப்போகும் ஊசி, கையில் ஒரு ஊசி. பேனா மாதிரி ஒரு கருவி, முனையில் வட்டமாக ஒரு கூர். அதை வெள்ளைத் தோலில் வைத்து லேசாகத் திருகினார். குட்டி வட்டமாக ஒரு குழி. இப்படி ஐந்து, நாலு மூலைக்கு நாலும் நடுவில் ஒன்றும். பிறகு தொடையிலிருந்து அதே போல ஐந்து வட்டம் எடுத்து, ஈரத்துணி போட்ட கிண்ணத்தில் வைத்தார். ஒவ்வொன்றும் கடுகு அளவு.

"பாக்கறீங்களா, தலையத் திருப்பிக்கறீங்களா?" என்றார்.

"பாக்கறனுங்க."

நெற்றியில் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, இடுக்கியால் ஒரு கடுகை எடுத்துக் குழியில் வைத்தார். மூச்சுக்கூட விடவில்லை அவர். "மேல்பக்கம் மேலயே இருக்கணும். கவுந்துட்டா ஒட்டாது."

"இத்துனூண்டுல மேலு கீழு எப்படிங்க தெரியுது?"

"பழக்கம்தான்."

எனக்கு அது புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு வளையலின் முகப்பைத் தடவிச் சொல்வேன் நான்.

அறுத்து எடுத்த தோல் எப்படி உயிரோடு இருக்கும் என்று கேட்டேன். முதல் ரெண்டு நாள் அடியில் இருக்கிற ஈரத்தையே குடித்துக்கொண்டு கிடக்குமாம். அதற்குள் கீழேயிருந்து ரத்தக்குழாய் தேடிக்கொண்டு வந்து அதோடு சேர்ந்துவிடுமாம். அப்புறம் அந்தக் கடுகுக்குள் இருக்கும் நிற அணுக்கள் வெளியே இறங்கி, வெள்ளைக்குள் நடந்து போகுமாம். நடந்து போகும் என்றுதான் சொன்னார். நாற்பத்து மூன்று வருடமாக இந்தத் தோலுக்குள்தான் இருக்கிறேன், இது எதுவும் எனக்குத் தெரியாது.

இது சோதனைக்குத்தான். மூன்று மாதத்தில் ஐந்தும் ஒட்டி நிறம் பரப்பினால், கை முழுக்க அறுபது எழுபது வைப்பார்கள். இல்லையென்றால் எனக்கு இந்த வைத்தியம் இல்லை. அட்டை வைத்துப் பெரிய கட்டாகக் கட்டிவிட்டு, "ஏழு நாளைக்கு இந்தக் கை உங்களோடது இல்லைன்னு நினைச்சுக்குங்க. மடக்கக் கூடாது, நனைக்கக் கூடாது, கட்டைத் தொடவே கூடாது" என்றார். தலையாட்டினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டுக்காரர்தான் சமையல். பேர் குப்புராஜ், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ரசம் என்று ஒன்று வைத்தார், அதில் புளி மட்டும்தான் தெரிந்தது. எனக்குத் தலை வாரிப் பின்னியும் விட்டார். பின்னல் கோணல். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கட்டுக்குள் லேசாக அரிக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

சம்பத் சார் போன். "நாளைக்கு அட்சய திருதியைம்மா. லீவுல இருக்கறவங்களையெல்லாம் வரச் சொல்லிட்டேன். ஒத்தக் கையோட வந்தாலும் வா. கீழ நின்னு வர்றவங்களுக்கு ஜூஸ் குடு, போதும்."

கீழே என்றார்.

முழுக்கை வைத்த மெரூன் சுடிதாரை இஸ்திரி போட்டேன். பெரிய கட்டு சட்டைக் கைக்குள் நுழையவில்லை. போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 30, புதன்

அட்சய திருதியை. கூட்டம். கால்வலி. கை பத்திரமாக இருக்கிறது.

மே 2, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். ஐந்தில் மூன்று இருக்கிறது. நடுவில் இருந்ததும் கட்டைவிரல் பக்கம் இருந்த ஒன்றும் இல்லை. குழி மட்டும் சிவந்து கிடந்தது.

டாக்டர் குனிந்து குழிகளைக் கிட்டத்தில் பார்த்தார். "தண்ணி பட்டுச்சா? எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா? கட்டு நகந்துச்சா?"

"இல்லீங்க டாக்டர்."

"அப்ப உடம்பே தள்ளியிருக்கு போல" என்று சொல்லிச் சீட்டில் எழுதினார். நான் சீட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் கை கழுவும் முறை ஏழு படமாக ஒட்டியிருந்தார்கள்.

மே 4, ஞாயிறு

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன். டாக்டர் கண்ணில் படக் கூடாது.

அட்சய திருதியை அன்றைக்குக் காலையில் அட்டையையும் மேல்கட்டையும் நானே அவிழ்த்தேன். உள்ளே ஒட்டியிருந்த துணிக்கட்டு மட்டும் இருந்தது. சட்டைக் கை அழகாக இறங்கியது. ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக ஜூஸ்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு வளையல் கவுண்டரில் ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், வெங்காயக் கலர் பட்டு. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு வளையல். மகள் கை ரெண்டு நாலு. "கைல போட்டுப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்று நிற்கிறார். கவுண்டரில் இருந்த நித்யகலா ரெண்டு எட்டு. அது வளையலைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறது. பின்னால் முப்பது பேர்.

நான் எப்போது டம்ளரைக் கீழே வைத்தேன் என்று தெரியவில்லை. என் கை போய்விட்டது. சட்டைக் கையை மேலே ஏற்றி, கட்டைவிரலை மடக்கி, நாலு கெம்பு வளையலை ஒரே தள்ளு. துணிக்கட்டின் மேல் இறுகிக்கொண்டு ஏறின. உள்ளே ஏதோ வழுக்கியது. வலிக்கவே இல்லை.

"கைல என்னங்கம்மணி கட்டு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எண்ணெ தெறிச்சுப்போச்சுங்க."

அவர் என் விரலைப் பிடித்து, கையை இப்படியும் அப்படியும் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். பதினாலு மாதமாக என் கையை, ஆஸ்பத்திரியில் தவிர, வெளி ஆள் யாரும் தொட்டுப் பிடித்ததில்லை. அந்தக் கட்டு மட்டும் இல்லையென்றால் அவரும் பிடித்திருக்க மாட்டார். வளையலை எடுத்துக்கொண்டு, "நல்ல கை" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மாடிப்படிக்கு அடியில் போய் நின்று அழுதேன். அப்போது டாக்டர் சொன்ன எதுவும் ஞாபகத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர்தான் பழையபடி கட்டிவிட்டார்.

மேலே டேக் ரூமில் எனக்கு ஒன்றும் குறையில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியது பொய்.

மே 12, திங்கள்

வாரம் ரெண்டு நாள் ஒளி வைத்தியம். ஒரு பெட்டிக்குள் கையை நீட்ட வேண்டும். நீலமாக எரிகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாங்கள் எட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை யாராவது பார்த்தால் கண் ஆஸ்பத்திரி என்றுதான் நினைப்பார்கள்.

மே 23, வெள்ளி

மூன்று புள்ளியிலும் பொருக்கு உதிர்ந்துவிட்டது. அடியில் இருப்பது வெளிறிப்போய், வெள்ளையோடு வெள்ளையாகத் தெரிகிறது. அதுவும் போச்சு போல. தொடையில் எடுத்த இடம் மட்டும் ஒழுங்காக ஆறியிருக்கிறது, அங்கே வெள்ளை விழவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. டேக் கட்டும்போது நூல் மூன்று தடவை அறுந்தது.

ஜூன் 8, ஞாயிறு

துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். தலையணை உறைக்குக் கிளிப் மாட்டும்போது கையைப் பார்த்தேன். மூன்று புள்ளியும் பழுப்பு.

வெயிலுக்கு அப்படித் தெரிகிறதோ என்று நிழலுக்குப் போய்ப் பார்த்தேன். பழுப்புதான். எச்சில் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை. "ஏனுங்க, மேல வாங்க" என்று கத்தினேன். பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புள்ளி புள்ளியாகவே இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் வந்திருக்கிறது. ஓரம் கலங்கலாக, ஈரச் சுவரில் டீ சிந்தினது போல. நேற்று இல்லாத இடத்தில் இன்று இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் போன மாதம் இல்லாத இடத்தில் இருக்கிறது.

தொடைத் தோல் வெயிலையே பார்த்ததில்லை. கை செய்கிற வேலை எதையும் செய்ததில்லை. அதைக் கொண்டு வந்து வைத்தால், என் புறங்கை என்ன கலரோ அதே கலரைக் கொடுக்கிறது. யார் போய் அதற்குச் சொன்னது? பதினாறு வருடம் தங்கத்தைப் பார்த்தவள் நான், எதையும் பார்த்து லேசில் மயங்க மாட்டேன். ஆனாலும் இன்றைக்கு ஒரு மணி நேரம் வேலை வெட்டி இல்லாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. டாக்டர் மன்னிக்கவும், அடிக்கடி பார்க்கக் கூடாது என்று சொன்னீர்கள்.

ஜூலை 6, ஞாயிறு

தினமும் காலையில் வேன் எடுக்கும் முன் அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையைத் தூக்கிப் பார்க்கிறார். பஞ்சாங்கம் பார்ப்பது போல ஒரு முகம். இன்று ஞாயிறு, வேன் இல்லை, ஆனாலும் பார்த்தார்.

"மூணும் நல்லாத்தானே பரவுது. அந்த ரெண்டு மட்டும் ஏன் போச்சுன்னு டாக்டரம்மா ரோசனை பண்ணிட்டே இருக்கும்" என்றார்.

"பண்ணட்டுமே."

"உடம்பே தள்ளிப்போட்டுதுன்னு எழுதியிருக்குதல்ல? அத வெச்சு அடுத்ததைச் செய்யாம உட்டுட்டாங்கன்னா? சொல்லிப்போடு சாந்தா."

எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

ஜூலை 25, வெள்ளி

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் அளவுகோல் வைத்து அளந்தார். ஒவ்வொரு புள்ளியும் கடுகிலிருந்து பட்டாணி ஆகியிருக்கிறது. அவர் முகம் மலர்ந்தது, அப்புறம் சீட்டைப் பார்த்ததும் சுருங்கியது.

"பரவுறது அருமையா இருக்கு சாந்தாமணி. ஆனா அஞ்சுல ரெண்டு காரணமில்லாமப் போயிருக்கு. எங்க சீஃப் ஒத்துக்க மாட்டாங்க. அறுபது வச்சு இருபத்தஞ்சு விழுந்தா உங்களுக்குத்தானே கஷ்டம். ஒரு வருஷம் போகட்டும், மறுபடி அஞ்சு வச்சுப் பாப்போம்."

ஒரு வருடம். இன்னும் ஒரு வருடம் அந்த மூன்றாம் மாடி.

வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. நோட்டு எங்கே என்று கேட்டார். பையிலிருந்து டைரியை எடுத்து, மே நாலாம் தேதிப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தேன். கிழிக்கவே இல்லை நான்.

அவர் படித்தார். ரெண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"எப்படிப் போட்டீங்க? காட்டுங்க" என்றார். தன் கையிலிருந்த ஒற்றை வளையலைக் கழற்றிக் கொடுத்தார். அவர் கை ரெண்டு ஆறு. நான் கட்டைவிரலை மடக்கி ஒரே தள்ளு தள்ளிக் காட்டினேன்.

"நேரா அந்த ரெண்டு மேலயும் உரசிட்டுப் போகுது" என்றார். சீட்டில் பழைய வரியை அடித்துவிட்டு ஏதோ எழுதினார். "ஏன்மா அன்னைக்கே சொல்லலை? நான் மூணு மாசமா உங்க உடம்பைச் சந்தேகப்பட்டுட்டு இருக்கேன்."

"தப்புத்தானுங்க டாக்டர். கை அதுபாட்டுக்குப் போயிருச்சுங்க."

அவர் தோலைப் பெரிதாகக் காட்டும் ஒரு கருவியைப் போனில் மாட்டி, அந்த ரெண்டு காலி இடத்தின் மேல் வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு இருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக, சுற்றியிருந்த மூன்று பக்கத்திலிருந்தும் வந்து நடுக்குழியில் சேர்ந்திருந்தது. கட்டைவிரல் பக்கத்துக் குழியையும் எட்டித் தொட்டிருந்தது.

"நான் வச்சது விழுந்திருச்சு. இது பக்கத்துல இருக்கறதுங்க தானா வந்து நிரப்புனது" என்றார். "இதை நான் செய்யலை."

ரெண்டு பேரும் அந்தச் சின்னப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை படித்தவருக்கும் அது ஆச்சரியமாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 21 தேதி கொடுத்திருக்கிறார். அறுபத்து நாலு புள்ளி. "இந்தத் தடவை மாவுக்கட்டு. உங்க கைய நான் நம்பப் போறதில்லை" என்றார். சரிங்க என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது, கடையில் கல்யாணக் கூட்டம். மூன்று மணிக்கு நித்யகலா மூச்சு வாங்க மேலே வந்தது. "அக்கா, கீழ ஒரு அம்மா உங்களத்தான் கேக்கறாங்க. கைல கட்டுப் போட்டிருந்த அம்மணியக் கூப்பிடுங்கன்னு ஒரே புடியா நிக்கறாங்க. சம்பத் சாரே வரச் சொன்னாரு."

முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தேன். இறங்கினேன். அதே அம்மா, பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மகள். சம்பத் சார் என் கையைப் பார்த்தார், சட்டைக் கை நீளமாக இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தெளிந்தார்.

"வாங்கம்மணி. புள்ளைக்கு அந்த வளையலு அளவெடுத்தாப்புல இருக்குது. இன்னும் நாலு வேணும். உங்க கைல போட்டுக் காட்டுங்க" என்றவர், "புண்ணு ஆறிப்போச்சுங்களா?" என்று கேட்டார்.

ஆறிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். சட்டைக் கைக்கு மேலேயே போட்டும் காட்டியிருக்கலாம். ஆனால் துணி மேல் போட்டால் வளையல் உட்கார்வது தெரியாது. அப்படி நான் ஒரு நாளும் விற்றதில்லை.

சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்து ஏற்றினேன். வெள்ளைக் கை, அதில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பழுப்புத் திட்டு. கவுண்டர் வெளிச்சம் எல்லாம் அதன் மேல்தான் விழுந்தது. சம்பத் சார் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். நித்யகலா வளையல் தட்டைப் பிடித்தபடி நின்றது.

"எண்ணெ தெறிக்கலீங்க. அன்னைக்குப் பொய் சொன்னேன்" என்றேன்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"என்னங்கம்மணி இது?"

"நிறம் வந்துட்டு இருக்குதுங்க."

மகள்தான் தட்டிலிருந்து நாலு வளையலை எடுத்து என்னிடம் கொடுத்தது. கட்டைவிரலை உள்ளே மடக்கினேன். ஒரே தள்ளு.